சுண்ணாம்புக் கோடு

அலிடா வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் பேர் கெட்டுப்போயிற்று. அவளே கெடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும்.

அவள் பிறந்தது கடற்கரையில். அப்பன் இறால் வலை இழுத்தவன். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு எதைப் பார்த்தாலும் கழுவ வேண்டும். வாசற்படியைக் கழுவுவார்கள், ஜன்னலைக் கழுவுவார்கள், கழுவி முடித்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் குண்டியையும் கழுவுவார்கள். உப்புக்காற்று எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிகிற ஊரில் வேறு என்ன செய்வது? அப்படிப்பட்டவளை ஓமெர் ஒரு கோடைத் திருவிழாவில் பார்த்து மயங்கி, போர் முடிந்த சில வருஷத்தில் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான், பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற எங்கள் பாயோட்டன் சீமைக்கு.

ஓமெரின் அப்பா செவரின். மாதாகோயிலுக்கு எதிரே 'சாம்பல் முயல்' என்கிற பீர்க்கடை அவருடையது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. கடையும் மகனும்தான் மிச்சம். பள்ளத்தாக்கில் காய்ச்சுகிற புளிப்பு பீரைப் பீப்பாயோடு வாங்கிவந்து, இளசையும் பழசையும் தன் நாக்குக்குப் பிடித்த மாதிரி கலந்து, தடித்த பாட்டிலில் அடைத்து, கார்க் அடித்து, நிலவறையில் படுக்கவைத்துவிடுவார். அங்கே அது வருஷக்கணக்கில் கிடந்து தானாகப் பொங்கும், தானாக அடங்கும். அதைத்தான் நாங்கள் கூசே என்போம். அடங்கும்போது மண்டி விழும். படுத்திருக்கிற பாட்டிலில் அது வயிற்றுப் பக்கமாக, சாம்பல் நிறத்தில், நீள வாக்கில் படிந்திருக்கும். பாட்டிலைப் புரட்டினால் போயிற்று. மண்டி எழும்பி மொத்தமும் கலங்கிவிடும்.

அதற்குத்தான் சுண்ணாம்பு. படுக்கவைத்த அன்றைக்கே ஒவ்வொரு பாட்டிலின் முதுகிலும் பிரஷ்ஷால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுவார்கள். எடுக்கும்போதும், படியேறும்போதும், மேஜைக்குக் கொண்டுபோகும்போதும் கோடு மேலே இருந்தால் மண்டி கீழே இருக்கும். பிரம்புக் கூடையில் படுத்த வாக்கிலேயே கிடத்தி, கார்க்கை உருவி, கை ஆடாமல் ஒரே ஓட்டத்தில் எல்லாக் கிளாஸுக்கும் ஊற்றி, மண்டி பாட்டிலின் கழுத்துக்கு வருகிற நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கூடை பிடிக்கிற கை எதுவோ அதுதான் வீட்டுக்கு எஜமானக் கை. மற்றவர்கள் தட்டு தூக்கலாம், மேஜை துடைக்கலாம். செவரினின் பெண்டாட்டி இருந்தவரை கூடை அவள் கையில்தான் இருந்தது. புது மருமகள் வந்தால் அவள் கைக்கு வரும் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

"இனிமே செவரினோட நகத்தைப் பாத்துக்கிட்டே குடிக்க வேண்டாம். கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு கை ஊத்தும்" என்றான் கோர்னேல். சிக்கரி பயிரிடுகிறவன், தினமும் மூலை மேஜையில் உட்கார்ந்து வாயாடுகிறவன்.

"உனக்கு மண்டிதான்டா ஊத்துவா" என்றார் செவரின். அன்றைக்கு அவருக்கும் சந்தோஷம்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, இருக்கிறதிலேயே நல்ல பீப்பாயாகப் பார்த்துக் கலந்து, நிலவறைப் படிக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அடுக்கு படுக்கவைப்பார்கள். தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிற அன்றுதான் அதைத் திறப்பார்கள். தொட்டில் அடுக்கு என்று பேர். ஓமெருக்காகச் செவரின் அந்த அடுக்கைத் தன் கையாலேயே அடுக்கினார். கோடும் அவரே இழுத்தார்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் செவரின் பீப்பாய் வாங்கப் பள்ளத்தாக்குக்குப் போனார். போகிறபோது நிலவறைச் சாவியைக் கழுத்துக் கயிற்றோடு கழற்றி ஓமெர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன்னால் அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றைக்குப் புறாப் பந்தயம். பிரான்சில் பறக்கவிட்ட புறாக்கள் எப்போது வரும் என்று ஓமெர் கொல்லையில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலிடா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஜன்னல் முடிஞ்சது. தரை முடிஞ்சது. இன்னும் என்ன இருக்கு?"

"உக்காரேன். சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

ஓமெருக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் புதுசாக வந்தவர்களை ஏய்க்கிற ஒரு விளையாட்டு உண்டு. கசாப்புக் கடைக்குப் புதுசாக வந்தவனைச் சாசேஜை நிமிர்த்துகிற கட்டை வாங்கிவரச் சொல்லி நாலு கடைக்கு அலைய விடுவார்கள். அவன் அலைந்து முடித்து வெறுங்கையோடு வந்து நின்றால் எல்லாருமாகச் சிரித்து, ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பார்கள். அதோடு அவன் ஊர்க்காரன் ஆகிவிடுவான்.

ஓமெர் சாவியை எடுத்து நீட்டினான். "கீழே போய்ப் பாரு. படிக்குப் பக்கத்துல ஒரு அடுக்கு, பாட்டில் எல்லாம் ஒரே வெள்ளைக் கறை. அப்பா வர்றதுக்குள்ள கழுவி நிமித்தி வெச்சேன்னு வை, உன்னைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடுவார்."

இரண்டு பாட்டிலைக் கழுவுவாள், போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம், சாயங்காலம் கடையில் சொல்லிச் சிரிக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து அவன் செல்லப் பெட்டைப்புறா வந்து கூரைமேல் உட்கார்ந்தது, கீழே இறங்க மாட்டேன் என்றது. அதைக் கெஞ்சிக் கொஞ்சி இறக்கி, காலில் இருந்த வளையத்தைக் கழற்றி, புறா வந்த நேரத்தைப் பதிகிற பந்தயக் கடிகாரம் இருக்கிற கடைக்கு ஓடினான். மூன்றாவது இடம். ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்தான், பெண்டாட்டியை மறந்தான்.

அலிடா நிலவறையில் தண்ணீரும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தேய்த்தாள். ஒட்டடை, தூசி, சுண்ணாம்பு எல்லாம் போயிற்று. கழுவினதைச் சுவரோரமாக நிமிர்த்தி, சோல்ஜர் வரிசை மாதிரி வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் பாட்டில்கள் பச்சையாக மின்னின. புகுந்த வீட்டில் தான் செய்த முதல் உருப்படியான வேலை இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

செவரின் பீப்பாய்களோடு வந்து நிலவறைக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தார். இறங்கினார். ஒரு பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே புகை மாதிரி சுழன்றது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படித்தான்.

"யாரு?"

அலிடா கை சிவந்து, முகம் மலர்ந்து படியில் நின்றாள். "நான்தான் அப்பா. மொத்தத்தையும் முடிச்சிட்டேன்." அந்த வீட்டில் மாமனாரை அப்பா என்றுதான் கூப்பிடுவது.

அவளுக்குப் பின்னால் ஓமெர் வந்து நின்றான். புறாவின் இறகு ஒன்று சட்டையில் ஒட்டியிருந்தது. அலிடா திரும்பி அவனைப் பார்த்தாள், அவன் சொல்லுவான் என்று. ஓமெர் தன் பூட்ஸைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"அவளுக்குத் தெரியாதுப்பா. கடல்பக்கத்துக்காரி. மன்னிச்சு விடுங்க."

அவளுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது கேட்பதற்கு. நல்ல புருஷன் என்றுகூடத் தோன்றும். செவரின் கையில் இருந்த பாட்டிலை மெல்லப் படுக்கவைத்தார்.

"நான் உசிரோட இருக்கிறவரைக்கும் இவ ஒரு பாட்டிலைத் தொடக்கூடாது" என்றார். அதை ஓமெரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அறுந்துபோனது அவளோடு நேர்முகப் பேச்சு.

படுக்கப்போகிறபோது அலிடா கேட்டாள். "நீதானே கழுவச் சொன்னே."

"விளையாட்டுக்குச் சொன்னேன். நீ அசுரத்தனமா மொத்தத்தையும் கழுவுவேன்னு கண்டேனா?"

"விளையாட்டுன்னே அவர்கிட்ட சொல்லு."

"சொல்றேன். கோபம் அடங்கட்டும்."

கோபம் அடங்குவதற்கு முன்னால் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தொட்டில் அடுக்கைக் கழுவிவிட்டாளாம், இறால்காரி. அவள் பேர் அதோடு இறால்காரி. கோர்னேல் தினமும் கடைக்குள் நுழைகிறபோதே ஆரம்பிப்பான்.

"ஓமெர், எனக்கு ஒண்ணு எடு. பெண்டாட்டி குளிப்பாட்டாததாப் பாத்து எடு."

எல்லாரும் சிரிப்பார்கள். ஓமெரும் சிரிப்பான். அடுப்படியில் அலிடா கறுப்புச் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

கழுவின பாட்டில்களை மறுநாளே, செவரின் கண்ணில் படாமல், அவள் அடுக்கிலேயே திரும்பப் படுக்கவைத்துவிட்டாள். சுண்ணாம்பு குழைத்து எடுத்துக்கொண்டு போனபோது செவரின் பார்த்துவிட்டார். "கோடு வேண்டாம்னு சொல்லு. அது அப்படியே மொட்டையா இருக்கட்டும். பாக்கறப்பெல்லாம் ஞாபகம் வரும்" என்றார், கூட நின்ற மகனிடம். அதற்கப்புறம் அது தொட்டில் அடுக்கு இல்லை, மொட்டை அடுக்கு. அதிலிருந்து ஒன்றும் மேஜைக்குப் போகக்கூடாது என்று ஆயிற்று. முயல் கறி வேகவைக்க மட்டும் ஓமெர் எடுத்துக் கொடுப்பான்.

அந்த வருஷம் பனி விழுவதற்கு முன்னாலேயே அலிடா ஒன்றைக் கவனித்தாள். முயலுக்கு ஊற்றப் பாட்டிலைச் சாய்த்தாள், பீர் சட்டியில் தெளிவாக விழுந்தது. தேன் நிறம். ஒரு கிளாஸில் பிடித்துப் பார்த்தாள். ஒரு தூசி இல்லை. மண்டி பழையபடி ஒரு பக்கமாகப் படிந்து, பாட்டிலின் வயிற்றில் சாதுவாகக் கிடந்தது. குடித்துப் பார்த்தாள். அந்தக் கடையில் அவள் நாக்குக்கு எட்டினதிலேயே நல்ல சரக்கு அதுதான்.

ஓமெரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாரு. தெளிஞ்சு போச்சு. ஒண்ணும் கெடல."

ஓமெர் கிளாஸை வாங்கிக் குடித்தான். "மண்டி கலங்கினா நாளானதும் தெளியத்தான் செய்யும். அப்பாவுக்குத் தெரியாததா."

"அப்போ என்னத்துக்கு என்மேல இந்தக் கோபம்?"

"கோபம் பீர்மேல இல்ல, அலிடா. விடு."

"நீ சொல்லிட்டா போயிடும்."

"சொல்றேன்னு சொல்றேன்ல. சந்தை முடியட்டும்."

சந்தை முடிந்தது. பீப்பாய் வரட்டும் என்றான். பீப்பாய் வந்தது. அப்பாவுக்கு மூட்டுவலி, இப்போது போய் எப்படி என்றான். அலிடா கேட்பதை நிறுத்தவில்லை, கேட்கிற இடைவெளிதான் கூடிக்கொண்டு போயிற்று. ஒரு தடவை ஈஸ்டருக்குக் கேட்டால் அடுத்த தடவை அறுவடைக்கு. சண்டை போட்டுக் கேட்டவள் பிறகு துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அதற்கும் பிறகு, அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

பிள்ளை வரவில்லை. இரண்டு பேருமாக டாக்டரிடம் போய்ப் பார்க்கலாம் என்று அலிடா சொன்னாள். ஓமெர் வரமாட்டேன் என்றான். ஊருக்கு டாக்டர் தேவைப்படவில்லை. ஊருக்குக் காரணம் கிடைத்திருந்தது.

"தொட்டில் அடுக்கைக் கழுவினவளுக்குத் தொட்டில் எங்கிருந்து வரும்" என்று ரேனில்ட ஒருநாள் சொன்னாள். ரேனில்ட பக்கத்து ரொட்டிக்கடைக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள், மனசில் விஷம் இல்லாதவள். அதைச் சொல்லும்போதுகூட அலிடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னாள். கோர்னேல் சிரித்துக்கொண்டு சொல்வதைத் தாங்கின அலிடாவுக்கு இது தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வெளுத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடியும் துவைத்தாள்.

ஏன் அவளே போய்ச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒருமுறை சொல்ல வந்தாள். செவரின் கூடையை வைத்துவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா, அன்னிக்கு நானா கீழே போகல" என்று தொடங்கினாள். செவரின் திரும்பாமலேயே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஓமெர், உன் பெண்டாட்டிக்கு என்னமோ வேணுமாம்." ஓமெர் வந்து நின்றான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் புருஷன். புருஷனின் கண் கெஞ்சிற்று. "உப்பு தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அலிடா உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு நம்பிக்கையில் ஓட்டினாள். கிழவருக்கு உண்மை தெரியாது. தெரிகிற அன்றைக்குக் கூடை தன் கைக்கு வரும். அவள் அந்த வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை வருகிற பிரஸ்ஸல்ஸ்காரர்களுக்கு ரொட்டியில் வெண்பாலாடையும் முள்ளங்கியும் அடுக்கிக் கொடுத்தாள். தெரியாததால்தான் இப்படி இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே கிழவரின் முகத்தையும் தினம் தினம் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடிந்தது.

ஆளுக்கு மயிர் நரைத்தது. ஊரில் தார்ரோடு வந்தது, டவுன் கம்பெனிகளின் இனிப்பு பீர் லாரியில் வந்தது. செவரின் அதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒருநாள் கூடையோடு படியேறுகிறபோது ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைக்கு மேலே இருக்கிற அறையில் படுக்கை. கூடை ஓமெர் கைக்குப் போயிற்று.

ஓமெருக்கு அந்தக் கை இல்லை. இடுப்பும் வலித்தது, விரலும் நடுங்கியது. கிளாஸில் கலங்கல் விழுந்தது. கோர்னேல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மீன் தொட்டியில மொண்டியா?" என்பான். அடுப்படித் திரைக்குப் பின்னால் அலிடாவின் கை சும்மா இருக்கும்.

கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை யாரும் சொல்லாமல் அலிடாவுக்கு வந்தது. கழுவுகிறதுதான் அவளுக்குக் கைவந்த வேலையாயிற்றே. முகம் கழுவினாள், முதுகு கழுவினாள், மற்றதையும் கழுவினாள். அப்போதும் அவர் நேராகப் பேசவில்லை. சூடு அதிகம் என்றால் சுவரைப் பார்த்துச் சூடு அதிகம் என்பார்.

ஒரு மத்தியானம், ஓமெர் புறாக்கூண்டில் இருந்தபோது, செவரின் அவள் பேரைச் சொன்னார்.

"அலிடா."

கையிலிருந்த துணியை அவள் அப்படியே வைத்தாள். கல்யாண வாரத்துக்கு அப்புறம் அவர் வாயில் அந்தப் பேர் இப்போதுதான் வருகிறது.

"மொட்டை அடுக்குல மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"ஒண்ணு கொண்டா."

"நான் தொடக்கூடாதே."

"தொடு. கூடையில வெச்சே கொண்டா."

அலிடா கீழே போனாள். மொட்டைப் பாட்டிலில் கோடு கிடையாது, ஆனால் எந்தப் பக்கம் மண்டி என்று அவளுக்குத் தெரியாதா, படுக்கவைத்தவளே அவள்தானே. கூடையில் கிடத்தினாள். ஆடாமல் அசையாமல் படியேறினாள். கட்டில் பக்கத்தில் வைத்துக் கார்க்கை உருவி, மெல்லச் சாய்த்தாள். இத்தனை வருஷமும் மனசுக்குள் ஊற்றி ஊற்றிப் பார்த்த கை, ஒரு பிசகு இல்லை.

செவரின் கிளாஸை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நல்ல கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"தெளிவா இருக்கு."

"அந்த வருஷம் பனி விழறதுக்கு முன்னாலயே தெளிஞ்சிடுச்சு அப்பா."

"தெரியும்."

ஒரு மிடறு குடித்தார். தொண்டையில் நிறுத்தி இறக்கினார். முகத்தில் ஒரு நிறைவு.

அலிடாவுக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "அப்பா, அன்னிக்கு என்னைக் கழுவச் சொன்னது..."

"ஓமெர்" என்றார் செவரின்.

அலிடா கூடையைக் கீழே வைத்தாள்.

"எப்போ சொன்னான் உங்ககிட்ட?"

"அவன் எங்க சொன்னான்? சாவியை நான் யார் கையில கொடுத்துட்டுப் போனேன்? நீ வந்து ஒரு வாரம் ஆகல, நிலவறை எந்தப் பக்கம்னே உனக்குத் தெரியாது. அவன் சாவியைக் கொடுக்காம நீ எப்படி இறங்கினே? படியில நின்னு அவன் பூட்ஸைப் பாத்தான் பாரு, அப்பவே தெரியும்."

"அப்பவேன்னா, அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

வெளியே ஓமெர் புறாவுக்கு விசிலடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏன்?" என்றாள் அலிடா.

செவரின் அதை ரொம்ப நியாயமான சங்கதி மாதிரி விளக்கினார். "கடை நாளைக்கு அவன் பேர்ல நடக்கணும். கோட்டை விளையாட்டாக் கழுவச் சொன்னவன்னு தெரிஞ்சா அவன் கையால எவன் வாங்கிக் குடிப்பான்? ஊர் சும்மா விடாது, யார் தலையிலாவது விழணும். நீ வெளியூர். உன் தலையில விழுந்தா யாருக்கும் நஷ்டமில்ல."

"யாருக்கும்."

"நீயும் தாங்கினே. நல்ல பொண்ணு." கிளாஸை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

"உங்களுக்குத் தெரியும்னு ஓமெருக்குத் தெரியுமா?"

"நான் கேக்கல. அவன் சொல்லல. ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்துச்சு."

அலிடா ஊற்றினாள். மண்டி கழுத்துக்கு வருவதற்கு முன்னால் நிறுத்தினாள். கூடையை எடுத்துக்கொண்டு கீழே வந்து, பாட்டிலில் மிஞ்சின மண்டியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகிறதற்கு எதையாவது இழந்திருக்க வேண்டும். தனக்கு இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆரம்பத்திலிருந்தே இல்லாத ஒன்று என்று தெரிந்தால் எதை வைத்து அழுவது?

ஓமெர் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினான். "கூசே வாசனை வருதே?"

"உங்கப்பா கேட்டார். ஊத்தினேன்."

"நீயா? அவரா கேட்டார்?" ஓமெர் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியா. நான் சொல்லல, நாளாக நாளாகச் சரியாயிடும்னு? என்ன சொன்னார்?"

"நல்லா இருக்குன்னார்."

இலை உதிர்கிற காலத்தில் செவரின் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து ஊரே கடைக்கு வந்தது. காப்பி, ஹாம் வைத்த ரொட்டி, திராட்சைப் பழம் போட்ட ரொட்டி எல்லாம் அலிடா முதல்நாளே தயார் செய்திருந்தாள். காப்பி முடிந்ததும் செவரின் பேரைச் சொல்லிக் குடிக்க வேண்டும். ஓமெர் நிலவறைக்குப் போய், இருக்கிறதிலேயே நல்ல பாட்டிலாக, முதுகில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிறதாகப் பார்த்துக் கூடையில் வைத்து எடுத்துவந்தான். கறுப்புக் கோட்டில் கம்பீரமாக இருந்தான். பெரிய மேஜையில் கூடையை வைத்துவிட்டு, அடுப்படித் திரையை விலக்கி அலிடாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றான். கண் ஈரமாக இருந்தது. "அப்பா எவ்வளவு வைராக்கியக்காரர்னு உங்களுக்குத் தெரியும். ஆனா சாகறதுக்கு முன்னால அலிடாவை மன்னிச்சிட்டார். அவ கையால வாங்கிக் குடிச்சார். இன்னிலேருந்து கூடை அவளுக்கு."

ரேனில்ட கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். கோர்னேல்கூட மேஜையைத் தட்டினான். "ஊத்து இறால்காரி. உன் கையால குடிச்சுட்டுதான் நானும் சாகணும்."

அலிடா கூடையைப் பார்த்தாள். மன்னித்துவிட்டார் என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. பிறகு தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள். பாட்டிலைக் கூடையிலிருந்து தூக்கி நிமிர்த்தி, கோட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். ஒரே இழுப்பில் போகவில்லை, பழைய சுண்ணாம்பு. மேலும் கீழும் தேய்த்தாள். துடைத்து முடித்து ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தினாள். கார்க்கை உருவினாள். நுரை பீய்ச்சிக்கொண்டு மேஜை விரிப்பெல்லாம் வழிந்தது. மிஞ்சினதை ஒரு கிளாஸில் ஊற்றி ஓமெருக்கு முன்னால் வைத்தாள். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"குடி" என்றாள். "அன்னிக்கு என்னைக் கழுவச் சொன்னது நீ. சாவி கொடுத்தது நீ. உங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியும்."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கி, மேஜையின் நடுவில், ஊர் கேட்க வைத்துவிட்டாள். அலிடா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஓமெர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோர்னேல்தான் முதலில் வாயைத் திறந்தான். "இருக்கட்டுமே. அது எந்தக் காலத்துக் கதை." பாட்டிலை எடுத்து உள்ளே ஒற்றைக்கண்ணால் பார்த்தான். "அதுக்காக இந்தப் பாட்டிலை ஏன் கெடுக்கணும்? செவரினோட கை இது. இனிமே கிடைக்குமா?"

"அதானே" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

ரேனில்ட அலிடாவின் தோளைத் தொட்டாள். "துக்கத்துல பேசறே. போய்ப் படு, போ. நான் காப்பியைப் பாத்துக்கறேன்."

யாரோ வேறு பாட்டில் எடுத்துவரச் சொன்னார்கள். ஓமெர் எழுந்து போனான், எடுத்துவந்தான், கோடு மேலே பார்க்க ஊற்றினான், கொஞ்சம் கலங்கிற்று, செவரின் பேரைச் சொல்லிக் குடித்தார்கள். அலிடா ஈரமான மேஜை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். சுண்ணாம்பும் பீரும் ஊறினால் கறை போகாது. அப்போதே தண்ணீரில் போட்டாக வேண்டும்.

ஊரில் இப்போதும் அவளைப் பற்றிக் கேட்டால், மாமனார் சாவன்றைக்கு நல்ல பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினவள் என்றுதான் சொல்வார்கள். ஏன் கொட்டினாள் என்று கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. கடல்பக்கத்துக்காரி, கடைசிவரைக்கும் ஊற்ற வரவில்லை என்பார்கள். 'சாம்பல் முயல்' கடையில் கூடை ஓமெர் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை நாளுக்கு நாள் நடுங்குகிறது. புதுசாக வந்த யாராவது கலங்கின கிளாஸைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தால், ஓமெர் அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு, என்ன செய்வது என்கிற மாதிரி தோளைக் குலுக்குவான்.